வேல் எழுத்து

டிசம்பர் 8, திங்கள்

எந்த எழுத்து முடிந்தது, எது பாக்கி என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். நூல் கம்பெனிக்காரன் போன ஜனவரியில் கொடுத்தது. வருஷம் முடியப்போகிற நேரத்தில் முதல் பக்கத்தைத் திறக்கிறேன், என் சுறுசுறுப்பு அப்படி. முதலாளிக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். இது என் புலம்பலுக்கு இருக்கட்டும்.

எனக்கு வேலை பஞ்சிங். எம்பிராய்டரி மெஷினுக்கு எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குத்தாகச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பனியன் நெஞ்சில் ஒரு கம்பெனி முத்திரை இருந்தால் அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இப்போது வந்திருப்பது புதுத் தலைவலி. சென்னையில் யாரோ ஒரு டிசைனர் போஸ்டருக்காக வரைந்த எழுத்து. 'அ' என்றால் வெறும் 'அ' இல்லை. 'வேல்' என்ற சொல்லைப் பொடிப்பொடியாக எழுதி, அதையே பாசிமணி கோர்த்த மாதிரி வரிசையாக ஓட்டி, அந்த வரிசையால் 'அ' போட்டிருக்கிறான். எல்லா எழுத்தும் இப்படியே. பார்க்க அழகுதான். தாளில் அழகு. துணியில் தைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

"வசந்தாமணிக்கா, பூசத்துக்குள்ள முடிஞ்சிரோணும்" என்றார் முதலாளி மோகனசுந்தரம். "தாராபுரம் ரோட்டுல பந்தல் போடறோம். பழனிக்கு நடந்து போறவங்க வந்து பேரச் சொன்னா டைப் பண்ணோணும், மிசினு துண்டுல தெச்சுக் குடுத்துரோணும். நடுவுல ஆளே வேண்டாம்."

ஆளே வேண்டாமென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்ததாக அவர் சொன்னது இது: "இது நல்லா வந்துச்சுன்னா புது பிராஞ்ச்ல பஞ்சிங் பூரா உங்க பொறுப்பு. வரலீன்னா கோயமுத்தூர்ல ஆன்லைன்ல பண்றாங்க, அவங்களுக்கே குடுத்தர்றேன். நீங்க செக்கிங் டேபிளுக்குப் போயிருங்க."

செக்கிங் டேபிள் என்றால் நாளெல்லாம் நின்றுகொண்டு துணியில் பிசிறு தேடுவது. நாற்பத்தேழு வயதில் அது என்னால் முடியாது. வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, சாயப்பட்டறை வாட்ச்மேன் வேலையும் இன்றோ நாளையோ என்று இருக்கிறது. இந்த வேலை எனக்கு வேண்டும்.


டிசம்பர் 11, வியாழன்

'க' மட்டும் தைத்துப் பார்த்தோம். பொடி 'வேல்' எல்லாம் நூல் முடிச்சாகத் திரண்டுவிட்டது. துணியில் கடுகு கொட்டிய மாதிரி இருக்கிறது.

"அக்கா, இது வேலுங்களா, வெந்தயமுங்களா?" என்றாள் ராபியா. மெஷின் ஓட்டுகிறவள் அவள்தான். ஃப்ரேமில் துணி பூட்டுவது, நூல் மாற்றுவது, ஊசி ஒடிந்தால் திட்டுவது எல்லாம் அவள் இலாகா. ஆறு வருஷமாக என் பக்கத்திலேயே இருக்கிறாள். வாய் சும்மா இருக்காது. கை அதைவிட வேகம்.

பொடி எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பெரிதாக்கினால் வளைவில் இடிக்கிறது. குறைத்தால் 'க' என்று படிக்க முடியவில்லை. நாள் முழுக்க இந்த இழுபறிதான்.

ட்யூப்லைட்டை மாற்றச் சொன்னேன். அழுது வடிகிறது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, போன மாதம்தான் புதுசு போட்டோம் என்கிறான். இந்தக் காலத்துப் புதுசு அவ்வளவுதான்.


டிசம்பர் 15, திங்கள்

'க', 'த', 'ந' முடிந்தது. கழுத்து வலி.


டிசம்பர் 19, வெள்ளி

இன்றைக்கு ஒரு சின்ன ரகளை. துண்டு காவி. எழுத்துக்குப் பச்சை நூல் கொடுத்தேன். ராபியா அந்த நூல் கோனை எடுத்து வைத்துவிட்டு வேறு கோன் மாட்டினாள். ஏன் என்றேன். "அது நீலமுங்க்கா" என்றாள். நூல் கம்பெனிக்காரன் இப்போதெல்லாம் பச்சையையும் நீலத்தையும் ஒரே மாதிரி சாயம் போட்டு அனுப்புகிறான். ஃபோன் செய்து கத்த வேண்டும்.

அவளும் முன்னைப் போல இல்லை. பூனை மாதிரி இடது பக்கம் வந்து நின்றுகொண்டு திடீரென்று பேசுகிறாள். தூக்கிவாரிப் போடுகிறது. கொலுசு போட்டுக்கொண்டு வா என்றேன். சிரித்தாள்.

வேலையில் ஒரு வழி கிடைத்திருக்கிறது. தைத்து முடித்த சாம்பிளை விரலால் தடவிப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது தனியாக நிற்கிறது, எது ஒட்டிக்கொண்டது என்று உடனே தெரிந்துவிடுகிறது. இரண்டு 'வேல்' நடுவே விரல் நுனி இறங்கினால் சரி. இறங்காவிட்டால் திரும்ப இடைவெளி விடுகிறேன். ஸ்க்ரீனில் மணிக்கணக்காக உற்றுப் பார்ப்பதைவிட இது மேல். ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

வீட்டில் ரசத்தில் இரண்டு தடவை உப்பு. "நேத்து உப்பே இல்ல, அதுக்குச் சேத்தி இன்னைக்கா?" என்றார் வீட்டுக்காரர். நாச்சிமுத்து என்று பெயர் வைத்தவர்கள் நக்கல்முத்து என்று வைத்திருக்கலாம்.


டிசம்பர் 24, புதன்

எழுத்தை வரைவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதைச் சாஃப்ட்வேர் தானாகக் கோர்க்கும்படி செய்வது. கொம்பு தனித் துண்டு, கால் தனித் துண்டு, புள்ளி தனித் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஊசி எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்று நான் வைக்கிறேன். ஒன்று முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். இல்லையென்றால் நூல் தாண்டிக் குதிக்கும், ராபியா கத்திரிக்கோலோடு அலைவாள்.

இன்று 'முருகேசன்' என்று டைப் செய்தேன். கொம்பு தள்ளிப்போய் அடுத்த வீட்டில் நின்றது. மத்தியானம் வரை அதோடு மல்லுக்கட்டி, சாப்பிட மறந்து, நாலு மணிக்கு ஒரு தேங்காய் பன் தின்றேன். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது.

ஸ்டோர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் மூன்றாவது முறையோ நாலாவது முறையோ. அந்தக் கதவை யார் அவ்வளவு குறுகலாக வைத்தார்கள்? ஆறு வருஷமாக அதே கதவுதான் என்று ராபியா சொல்கிறாள். ஆறு வருஷமாகவே குறுகலாக இருந்திருக்கும்.


ஜனவரி 2, வெள்ளி

முதலாளி வந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னங்க்கா இது? எழுத்தெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்குது. கேட்டதே வேற. இவ்வளவு கேப்பு எதுக்கு? போஸ்டர்ல நெருக்கமா அழகா இருந்துச்சே."

"நெருக்கமா வெச்சா ஒட்டிக்குமுங்க."

"ஒட்டிக்காத அளவுக்கு வெச்சாப் போதுமில்ல? இதப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வண்டி ஓட்டலாமாட்ட இருக்குது. கண்ணுல பாத்தாலே தெரியுதே."

என் விரலுக்கு அது சரியான அளவு. அந்த அளவில்தான் எல்லா எழுத்தையும் செய்திருக்கிறேன். மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது ராபியா நடுவில் புகுந்தாள். "துண்டு டர்க்கி துணியில்லீங்களா சார். பொசுபொசுன்னு இருக்கற துணியில நெருக்கி வெச்சா எழுத்து உள்ள முங்கிரும். அதுக்குத்தான் அக்கா இப்புடிப் பண்ணியிருக்காங்க."

முதலாளி யோசித்தார். துண்டைத் தூக்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அது செரி" என்று போய்விட்டார்.

அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை நினைத்து நான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நூல் அறுக்கப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. காப்பாற்றியவள் மேல் கோபம் வருவது எந்த ஊர் நியாயம்?


ஜனவரி 6, செவ்வாய்

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி இல்லை. அதாவது இருந்தது, நான் நினைத்த இடத்தில் இல்லை. முட்டி சிராய்ப்பு. கண்டக்டர், "பாத்து எறங்கும்மா, தூக்கமா?" என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அப்பா ஞாபகம். ஐம்பது வயதில் கட்டிலில் உட்கார்ந்தவர், போகும் வரை தானாக எழவில்லை. நான்தான் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போவேன். "வெயிலு அடிக்குதா அம்மணி?" என்று கேட்பார். முகத்தில் அடிக்கிற வெயிலை என்னிடம் கேட்பார்.

ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. வேலைக் களைப்பு.


ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். வீட்டுக்காரர் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கிக் கொடுத்தார். நான் பொறுக்கி முடித்த அரிசி அது.

"ஒருக்கா கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாமா?"

"கண்ணாடி மாத்தோணும், அவ்வளவுதான். பூசம் முடியட்டும்."

"கண்ணாடி மட்டும்னா ஒரு நாள் வேலைதான? மாமனுக்கும்..."

"எங்கப்பன இழுக்காதீங்க."

சத்தம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் முறத்தை எடுத்து வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுவார்கள். நாலு பேருக்குத் தெரியும். திருப்பூர் எவ்வளவு பெரிய ஊர்! கண் சரியில்லாத பஞ்சிங்காரிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எழுதி வைத்துக்கொள்கிறேன்: பூசம் முடிந்ததும் கண்ணாடி.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அடுப்புக்கு நேராகத்தான் நின்றிருந்தேன்.


ஜனவரி 20, செவ்வாய்

முடிந்தது!

எல்லா எழுத்தும், எல்லாக் கொம்பும் காலும். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் வருகிறது. பகல் பூராவும் ஊரிலுள்ள பெயரையெல்லாம் டைப் செய்து பார்த்தோம். நாச்சிமுத்து, தெய்வானை, குப்புசாமி, அங்காத்தாள். கம்பெனி வாட்ச்மேன் வந்து தன் பேத்தி பெயர் 'தன்விகாஸ்ரீ' என்றார். 'ஸ்ரீ'யைப் பார்த்துப் பயந்தேன், அதுவும் வந்தது. ராபியா, "எம் பேரு போடுங்க" என்றாள். வேலால் எழுதிய 'ராபியா'. அதைக் கைக்குட்டையில் தைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்கம்மா பாத்தா வெய்யும், ஆனா நல்லாருக்குது."

எங்கள் பழக்கம் ஒன்று உண்டு. அவள் ஃப்ரேமைப் பூட்டி, துணியை நீவிவிட்டு, கையை எடுத்ததும் "போடுங்க்கா" என்பாள். நான் பொத்தானை அழுத்துவேன். இன்று எத்தனை "போடுங்க்கா"! ஒரு தடவைகூட நான் ஃப்ரேமைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குரல் போதும். ஆறு வருஷப் பழக்கம்.

முதலாளி ஃபோனில் வீடியோ எடுத்தார். "புது பிராஞ்ச் சாவிய உங்ககிட்டத்தான் குடுக்கப்போறேன்" என்றார். வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். நெய் காணாது.


ஜனவரி 27, செவ்வாய்

பந்தல் முதல் நாள். தாராபுரம் ரோடு முழுக்கக் காவியும் பச்சையும் நடந்துபோகிறது. காவடி, மேளம், ஒலிபெருக்கி. ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் சுண்டல், நடுவில் எங்கள் மெஷின். காலில் கொப்புளத்தோடு வந்து நின்று பெயரைச் சொல்கிறார்கள். டைப் செய்கிறேன். தைத்துக் கொடுக்கிறது. சொன்னபடி நடுவில் யாரும் பஞ்சிங் செய்ய வேண்டியதில்லை.

சேவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குழுவின் பெரியவர் துண்டை வாங்கி, எழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "கைக்கே தெரியுது சாமி, வேலு வேலுன்னு" என்றார். ஒன்றரை மாதப் பாட்டுக்கு அது போதும்.

ராபியா நாள் முழுக்க என் இடது பக்கமே நின்றாள். நூல் பெட்டி வலது பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என்னைச் சுற்றிப் போய் எடுத்து வந்தாள். இந்தப் பக்கமே நில்லேன் என்றேன். "அங்க வெயிலுங்க்கா" என்றாள்.


ஜனவரி 28, புதன்

ராபியாவின் விரலில் ஊசி ஏறிவிட்டது.

காலை பதினொரு மணி இருக்கும். கூட்டம் நெருக்கியது. பக்கத்துப் பந்தலில் ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். காதில் ஒன்றும் விழவில்லை. 'மயில்சாமி' என்று டைப் செய்துவிட்டு "போடுங்க்கா"வுக்காகக் காத்திருந்தேன். வரிசையில் யாரோ, "சீக்கிரமாகட்டும்மா, குழு முன்னால போயிருச்சு" என்றார்கள். அவள் சொல்லியிருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். அழுத்தினேன்.

அவள் கை ஃப்ரேமில்தான் இருந்தது. சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவிரலில் நகத்தோடு சேர்த்து இறங்கி, உள்ளே ஒடிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "அக்கா" என்றாள், அவ்வளவுதான். அவசரப் பொத்தானை யார் அழுத்தினார்கள் என்று தெரியவில்லை. துண்டில் 'ம' பாதி இருந்தது.

முதலாளி ஓடிவந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, "நாந்தான் சார் கவனிக்காம கைய வெச்சுட்டேன்" என்றாள்.

பைக்கில் வைத்துத் தாராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கோயமுத்தூரிலிருந்து ஒரு பையனை வரவழைத்து மெஷினில் நிறுத்தினார்கள். நான் சாயங்காலம் வரை டைப் செய்தேன்.

கூட்டம். சத்தம். யாராக இருந்தாலும் நடந்திருக்கும்.


ஜனவரி 29, வியாழன்

யாராக இருந்தாலும் நடந்திருக்காது. யாராக இருந்தாலும் ஒரு தடவை இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அழுத்தியிருப்பார்கள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அந்தப் பக்கம் எனக்கு வெறும் புகைதான்.


ஜனவரி 30, வெள்ளி

காலையில் பந்தலுக்குப் போனதும் முதலாளி சொன்னார். "ராபியாவ இனி வர வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். ஆறு வருசமா மிசினு ஓட்டறவ ஓடற மிசின்ல கைய வெக்கறாள்னா, நாளைக்குப் பெருசா ஏதாச்சும் ஆனா நாந்தான பதில் சொல்லோணும்?"

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் ஆள் வந்து பெயர் சொன்னார். டைப் செய்தேன். தைத்தது. இரண்டாவது ஆள் வந்தார். டைப் செய்தேன். மூன்றாவது ஒரு குழந்தை, அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் என்ன சொன்னார்கள் என்று இப்போது ஞாபகமில்லை. விரல் அசையவில்லை. எழுந்துவிட்டேன்.

முதலாளி மோர்ப் பானை பக்கம் நின்றிருந்தார்.

"சார், அவ கைய வெக்கல. மிசினு ஓடாத போதுதான் கை இருந்துச்சு. அவ கை இருக்கறப்ப நாந்தான் அழுத்துனேன்."

"சத்தத்துல..."

"சத்தமில்லீங்க. எனக்குக் கண்ணு தெரியல. இடது கண்ணு சுத்தமா இல்ல. வலதும் பாதிதான்."

சொல்லிவிட்டேன். இந்த டைரியில்கூட முழுசாக எழுதாததை மோர்ப் பானை முன்னால் நின்று சொன்னேன். பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலையில வெச்சிருப்பீங்களா?"

கெட்டவர் இல்லை அவர். பொய் சொல்ல மனம் வராமல்தான் சும்மா இருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "ராபியா கை ஆறினதும் வரட்டும். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் 'அப்பறம் பாத்துக்கலாம்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? எழுத்துதான் முடிந்துவிட்டதே. இனி டைப் செய்ய யார் இருந்தாலும் போதும்.

அங்கிருந்தே பஸ் ஏறி ராபியா வீட்டுக்குப் போனேன். அம்மாவும் அவளும் மட்டும். விரல் பெரிய வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. அவள் அம்மா டீ போடப் போனதும் சொன்னேன்.

"உன்ற விரல்ல ஏத்துனது நாந்தான் அம்மணி. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குங்க்கா சொன்னீங்க?" என்றாள். கோபமாகவே கேட்டாள். "நாந்தான் சமாளிச்சுட்டேன்ல?"

"உனக்கு எதுவும் தெரியாது. எனக்குக் கண்ணு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீலத்தப் பச்சைன்னீங்களே, அப்பவே தெரியும். அப்பறம் கண்ண மூடிட்டு எழுத்தத் தடவறதப் பாத்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தெரிந்துகொண்டுமா அந்தப் பக்கம் போய் நின்றாய், தெரிந்தவள் ஏன் கையை வைத்தாய் என்று அவளையே திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை.

"பந்தல்ல சின்னச் சின்னக் கொழந்தைக சுத்திட்டே இருந்துச்சுங்க்கா" என்றாள். "மிசின எட்டிப் பாக்கறதுக்கு டேபிள்மேல கைய வெக்குதுங்க. அந்தப் பக்கம் ஏதாச்சும் கைய வெச்சா உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் அங்கயே நின்னேன்."

அவள் அம்மா டீயோடு வந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, விரலுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "ஆறிரும் கண்ணு, ஆறிரும்" என்று என் முதுகைத் தட்டினார்.


பிப்ரவரி 4, புதன்

கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரி. வீட்டுக்காரர் டூட்டி முடித்து, தூங்காமல் அப்படியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ராபியா நின்றிருந்தாள். உன்னை யார் வரச் சொன்னது என்றேன். "எனக்கும் மெடிக்கல் லீவுதானுங்க்கா" என்று கட்டுப் போட்ட விரலை ஆட்டிக் காட்டினாள்.

ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் மட்டும் பொத்தானை அழுத்துங்கள், தெரியாவிட்டால் சும்மா இருங்கள் என்றாள் அந்தப் பெண். சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் சும்மாவே இருந்தேன். வந்திருக்கும் என்று நினைத்து ஒரு தடவைகூட அழுத்தவில்லை. போன புதன்கிழமை பந்தலில் இப்படி இருந்திருக்கலாம் என்று உள்ளேயே அழுகை வந்தது. "கண்ணத் தொடச்சுக்கோங்கம்மா, ரீடிங் தப்பாயிரும்" என்றாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணில் போனது போனதுதான் என்றார். வலது கண்ணில் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஒரு நாள்கூட விடக்கூடாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன்.

"எப்ப இருந்து தெரியலம்மா?"

"போன ஆடியிலிருந்து" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பொங்கலுக்கு அப்புறம்தான் என்று பஸ்ஸில் அவரிடம் சொல்லியிருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வரிசைக்குப் போனார், முட்டியைப் பிடித்துக்கொண்டே.

வெளியே வராந்தாவில் உட்கார இடமில்லை. தூணில் சாய்ந்து நின்றேன். வேலை இருக்குமா என்று தெரியாது. நாளைக்கு என்ன என்று தெரியாது. ராபியா வழக்கம்போல என் இடது பக்கம் வந்து நின்று, போகிற வருகிறவர்கள் என்மேல் இடிக்காமல் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. குரல் கேட்டது, ஆள் இல்லை.

"இந்தப் பக்கம் வா அம்மணி" என்றேன்.

"ஏனுங்க்கா? அங்கதான் யாரும் இடிக்க மாட்டாங்களே."

"இடிச்சா இடிக்கட்டும். இந்தப் பக்கம் வந்து நில்லு. உன்ற மூஞ்சி தெரியட்டும்."